பணிநீக்கக் கடிதம் விசாரணை அறிக்கை ஆகாது

பல வருடத்துக்கு முந்தைய பாலியல் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டு ஒன்று வெளியே வருகிறது. அடுத்த சில நாட்களில் நிலையம் அந்த அறிவிப்பாளரை வேலையிலிருந்து நீக்குகிறது. நேயர்களில் ஒரு சாரார் "இப்போதாவது செய்தார்களே" என்கிறார்கள். இன்னொரு சாரார் "நிரூபிக்காமல் எப்படி நீக்கலாம்?" என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்பும் பேசுவது அறிவிப்பாளரைப் பற்றித்தான். நிலையத்தில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, எப்போதிலிருந்து தெரிந்திருந்தது, தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி இந்தச் சத்தத்தில் அமுங்கிப் போகிறது. பிரிட்டனில் அப்படித்தான் நடந்தது. இலங்கையில் நடந்தால் முடிவு அதைவிட மோசமாக இருக்கும். அதற்கான காரணம் நம் சட்டப்புத்தகத்திலேயே இருக்கிறது.

பிபிசி நமக்கு அந்நிய நிறுவனம் அல்ல. 1941 முதல் 2017 வரை அதன் தமிழோசையை இந்த நாட்டின் தமிழ் வீடுகள் நம்பிக் கேட்டன. அதே நிறுவனத்தின் ஆங்கிலத் தொலைக்காட்சியில் 1964 முதல் இசை நிகழ்ச்சி நடத்தியவர் ஜிம்மி சாவில். 1975இலிருந்து 1994 வரை பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி ஒன்றும் அவர் கையில் இருந்தது. பிள்ளைகள் தங்கள் ஆசையைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார்கள். சிலருடைய ஆசையை அவர் நிறைவேற்றிவைப்பார். 2011 ஒக்டோபரில் 84 வயதில் அவர் இறந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவர்மீதான பாலியல் துஷ்பிரயோகப் புகார்களைத் திரட்டிக்கொண்டிருந்த பிபிசியின் 'நியூஸ்நைட்' குழுவின் செய்தி கைவிடப்பட்டது. அந்த நத்தாருக்கு அவருடைய நினைவைப் போற்றும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாகின. உண்மையை 2012 ஒக்டோபரில் வெளிக்கொண்டு வந்தது போட்டி நிறுவனமான ஐடிவி. 2013 ஜனவரியில் பொலிஸாரும் சிறுவர் பாதுகாப்பு அமைப்பொன்றும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, 450 பேர் முறைப்பாட்டோடு முன்வந்திருந்தார்கள். 214 குற்றங்கள் பதிவாகியிருந்தன. குற்றவாளி அப்போது மண்ணுக்குள் இருந்தார்.

அடுத்து நடந்ததை இங்குள்ள செய்தியாசிரியர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். உண்மையான செய்தியைக் கைவிட்ட அதே 'நியூஸ்நைட்', 2012 நவம்பர் 2ஆம் திகதி வேல்ஸில் இருந்த ஒரு சிறுவர் இல்லம் பற்றிய குற்றச்சாட்டை ஒளிபரப்பியது. பெயரைச் சொல்லவில்லை, ஆனால் மூத்த அரசியல்வாதி என்று சொல்லிவிட்டது. மிச்சத்தை இணையம் பார்த்துக்கொண்டது. ஒரு கிழமை கழித்து, குற்றம் சாட்டியவரே தான் ஆளை மாறி அடையாளம் கண்டுவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பழி சுமந்தவருக்கு பிபிசி 1,85,000 பவுண் நட்டஈடு கொடுத்தது. பணிப்பாளர் நாயகம் ஜோர்ஜ் என்ட்விசில் பதவியேற்று 54 நாளில் விலகினார். ஒரு வருடத்துக்குள், ஒரே நிகழ்ச்சியில், உண்மை மறைக்கப்பட்டது, பொய் வெளியானது. இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான்: சான்றை நிதானமாக எடைபோடும் ஏற்பாடு அந்த நிறுவனத்தில் உடைந்து கிடந்தது.

2016 பெப்ரவரி 25ஆம் திகதி முன்னாள் நீதிபதி டேம் ஜனெட் ஸ்மித்தின் விசாரணை அறிக்கை வெளியானது. பிபிசி வேலையோடு தொடர்புபட்ட இடங்களில் மட்டும் சாவிலால் பாதிக்கப்பட்டவர்கள் 72 பேர் என்றது அது. நிறுவனம் என்ற அளவில் பிபிசிக்குத் தெரிந்திருந்ததற்குச் சான்றில்லை என்றும் சொன்னது. ஆனால் வதந்தி காதில் விழுந்திருந்ததாகச் சொன்ன சாட்சிகள் மட்டும் 117 பேர். எனக்கு அந்த அறிக்கையில் ஆகக் கனமான எண் இதுதான். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். நட்சத்திரத்தைப் பகைத்தால் வேலை போகும் என்ற பயம் அவர்கள் வாயைக் கட்டியிருக்கிறது.

அந்த அறிக்கை வெளியான வேளையில் ஊர் பேசியது வேறொரு பெயரை. பழம்பெரும் வானொலி அறிவிப்பாளர் டோனி பிளாக்பர்ன் பிபிசியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். 1971இல் ஒரு பதின்வயதுச் சிறுமி தொடர்பாக எழுந்த குற்றச்சாட்டு பற்றித் தன்னை அப்போது பிபிசி விசாரிக்கவே இல்லை என்று அவர் சாட்சியம் சொல்லியிருந்தார். விசாரித்ததாகப் பிபிசியின் பழைய குறிப்புகள் காட்டின. குற்றச்சாட்டை அவர் முற்றாக மறுத்தார். அது உண்மை என்று ஸ்மித் அறிக்கை தீர்ப்பளிக்கவில்லை. சாட்சியம் போதிய தரத்தில் இல்லை என்பதுதான் நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். அதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு. துஷ்பிரயோகத்துக்காக நீக்கினார்கள் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். நிறுவனம் தன்னைக் காப்பாற்ற ஒருவரைப் பலி கொடுத்தது என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டு முடிவதற்குள் அவர் மீண்டும் பிபிசியில் ஒலித்தார். எது நிரூபிக்கப்பட்டது, எது இல்லை என்று சாதாரண நேயருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இதனால் அவருக்கும் நியாயம் கிடைக்கவில்லை. 45 வருடத்துக்கு முந்தைய அந்தச் சிறுமியின் பெயரால் எழுந்த கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை.

மறுப்பை அப்படியே நம்பிவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. இன்னொரு பிபிசி முகமான ஸ்டூவர்ட் ஹோல், 2013 தொடக்கத்தில் நீதிமன்ற வாசலில் நின்று எல்லாம் கொடூரமான பொய் என்று ஆவேசமாகச் சொன்னார். சில மாதங்களில், 1960களிலிருந்து 1980கள் வரை சிறுமிகளுக்கு இழைத்த 14 குற்றங்களை அவரே ஒப்புக்கொண்டிருந்தது வெளியானது. முதலில் 15 மாதச் சிறை. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 30 மாதமாக்கியது.

ஹோலின் வழக்கு இலங்கையில் வந்திருந்தால்? வழக்கே வந்திருக்காது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவு, கொலையையும் தேசத்துரோகத்தையும் தவிர்ந்த குற்றங்களுக்கு, குற்றம் நடந்த நாளிலிருந்து இருபது வருடத்தோடு வழக்குத் தொடரும் உரிமை முடிகிறது என்கிறது. இங்கிலாந்தில் பாரதூரமான குற்றங்களுக்கு அப்படிக் காலவரையறை இல்லை; அதனால்தான் நாற்பது வருடம் கழித்துப் பேசியவர்களுக்கும் நீதிமன்றம் திறந்திருந்தது. இங்கே 2005இல் பதினொரு வயதுச் சிறுமிக்கு நடந்த கொடுமைக்கு 2025இல் கதவு மூடுகிறது. அப்போது அவளுக்கு வயது 31. தன் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பத் தொடங்கும் வயதில்தான் பல பெண்களுக்கு இதைப் பேசும் துணிவே வருகிறது.

மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்த பக்கம் இதெல்லாம் கொழும்பு விவகாரம், லண்டன் விவகாரம் என்று தோன்றும். ஒரு காலை நேரத்தில் வானொலியின் பிறந்தநாள் வாழ்த்தைக் கேளுங்கள். முன்பு தபாலட்டை போனது; இப்போது தாயின் கைத்தொலைபேசியிலிருந்து குரல்பதிவு போகிறது. "சொல்லும்மா, ஒன் பேரு, வயசு, ஸ்கூலு" என்று அம்மா பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்க, பிள்ளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. பெயர், வயது, பாடசாலை, ஊர், வீட்டுத் தொலைபேசி இலக்கம், பல நேரம் படமும்கூட, முன்பின் அறியாத ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. அவரை அந்தப் பிள்ளை அண்ணா என்று அழைக்கிறது. அறிவிப்பாளர்களில் பெரும்பாலானோர் அந்த உறவுக்கு உண்மையாக இருப்பவர்கள். சாவிலுக்கு வந்த கடிதங்களும் இதே நம்பிக்கையில் எழுதப்பட்டவைதான். அந்தக் குரல்பதிவு நிலையத்தின் பொதுத் தொலைபேசிக்கு வருகிறதா, அறிவிப்பாளரின் சொந்தத் தொலைபேசிக்கு வருகிறதா, நிகழ்ச்சி முடிந்ததும் யார் அழிக்கிறார்கள் என்று எத்தனை நிலையங்கள் நேயருக்குச் சொல்லியிருக்கின்றன?

இங்கே ஊடக அலுவலகங்களுக்குள் இருந்த மௌனம் 2021 ஜூனில் கொஞ்சம் உடைந்தது. பத்திரிகைத் துறையில் வேலைசெய்த பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சமூக வலைத்தளத்தில் எழுதினார்கள். அன்றைய ஊடக அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல, அரசாங்கத் தகவல் திணைக்களம் விசாரிக்க வேண்டும் என்றார். பேச்சு சில கிழமையில் ஓய்ந்தது. தமிழ்நாட்டில் 2018இல் பாடகி சின்மயி, பாடலாசிரியர் வைரமுத்து மீது புகார் சொன்னார், அவர் மறுத்தார். அடுத்த மாதமே பின்னணிக் குரல் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர் சின்மயி. சந்தா கட்டவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

அவசர நீக்கத்தில் முறைப்பாட்டாளருக்கு இருக்கும் ஆபத்தை இங்கே யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய மன்றத்துக்குப் போகலாம். நீக்கம் நியாயமானது என்று காட்டும் பொறுப்பு அங்கே நிறுவனத்துடையது. விசாரணைக் கோப்பு இல்லை, சாட்சியம் பதியவில்லை, குற்றம் சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்கவில்லை என்றால் நிறுவனம் தோற்கக்கூடும். அவர் வேலைக்கே திரும்பலாம், அல்லது நட்டஈடு வாங்கலாம். தோற்றது நிர்வாகத்தின் சோம்பல். ஊரோ அந்தப் பெண் பொய் சொன்னாள் என்றுதான் பேசும். இருபது வருடம் கடந்து நீதிமன்றமும் மூடிவிட்ட நிலையில், அவளுக்கு இருந்த ஒரே விசாரணை அந்த அலுவலக விசாரணைதான். அதையும் கெடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே குற்றச்சாட்டு வந்த அன்றே செய்ய வேண்டியது ஒலிவாங்கியிலிருந்து அவரைத் தற்காலிகமாக விலக்கி வைப்பதும், பழைய ஆளணிக் கோப்பு, முறைப்பாட்டுக் கடிதம், நேயர் தொடர்புப் பதிவு எல்லாவற்றையும் முத்திரையிட்டுப் பூட்டுவதும்தான். விசாரிப்பவர் வெளியார் ஆக இருக்க வேண்டும். அவருடைய கேள்வி அறிவிப்பாளரோடு நின்றுவிடாமல் அவருக்கு மேலே இருந்த முகாமையாளர்வரை போக வேண்டும். வல்லுறவு, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைச் சட்டக்கோவையே தடுக்கிறது. முகநூலில் படம் தேடுகிறவர்களுக்கும் அது பொருந்தும். பாதிக்கப்பட்டது இன்றும் பிள்ளையாக இருந்தால் நிலையத்தின் விசாரணைக்குக் காத்திருக்கவே கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு உடனே அழைக்க வேண்டும்.

இவற்றை நிலையங்களின் நல்ல மனதுக்கு விட்டுவிடத் தேவையில்லை. தனியார் வானொலிகள் 1966ஆம் ஆண்டின் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழ் அமைச்சர் கொடுக்கும் அனுமதிப்பத்திரத்தில் இயங்குகின்றன. வெளியார் விசாரணையையும், பிள்ளைகளோடு அறிவிப்பாளர் தன் சொந்தத் தொலைபேசியில் தொடர்புகொள்ளக் கூடாது என்பதையும் அந்தப் பத்திரத்தில் நிபந்தனையாக எழுத அமைச்சர் முன்வர வேண்டும். 456ஆம் பிரிவில், சிறுவருக்கு எதிரான பாலியல் குற்றங்களைக் கொலையோடும் தேசத்துரோகத்தோடும் சேர்த்து விலக்களிக்க வேண்டியது நாடாளுமன்றம். மாத்தளை மாவட்ட உறுப்பினர்களிடம் அதைக் கேட்கலாம்.