மலிவு விலையும் முழுக் கணக்கும்

கரிசல் சீமைக்கு நடுநாயகமாக விளங்கும் கோவில்பட்டியில் இந்நாளில் ஏற்பட்டு வரும் ஒரு வியாபார மாறுதலைப் பற்றி நம்மவர் தீர ஆலோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. மொபெட், மோட்டார் சைக்கிள், டிராக்டர், மினி லாரி முதலிய வாகனங்களுக்கு வேண்டிய ஸ்பேர் பார்ட்ஸ்களைக் கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் வழக்கம் குறைகிறது. கைப்பேசியில் படத்தைப் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் கொடுத்து, டில்லியிலிருந்தோ பம்பாயிலிருந்தோ பார்சலில் தருவிக்கும் வழக்கம் வளர்கிறது. பாதி விலை, முக்கால் பங்கு தள்ளுபடி என்ற விளம்பரங்கள் ஏழைச் சம்சாரியின் கண்ணையும் கவருகின்றன. எவனோ ஒருவன் எங்கோ ஒரு பிரேக் ஷூ வாங்குவதில் தேசத்துக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்கக்கூடும். நாம் இதனை அற்ப விஷயமாகக் கருதவில்லை. ஒரு ஜில்லாவின் ஜீவனமும், வீதியில் செல்வோரின் உயிரும், வருங்காலத்தில் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கும் என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கின்றன.

முதலில் இச்சீமையின் நிலைமையைக் கவனிப்போம். இங்கே ஆற்றுப் பாசனம் இல்லை. வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பியே பருத்தியும், கம்பும், சோளமும், உளுந்தும், பாசிப்பயறும், மக்காச்சோளமும் விளைகின்றன. கரிசல் மண்ணின் சுபாவத்தை இங்குள்ளோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மழை பெய்தால் காலை வைக்க முடியாதபடி ஒட்டும்; காய்ந்தால் கல்லாக இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதமான நாட்கள் சிலவே. அந்நாட்களில் உழுது விதைத்தவனுக்கு மகசூல் உண்டு. தவறவிட்டவன் அந்த வருஷத்துக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தப் பதத்தில் டிராக்டரின் கிளட்ச் பிளேட் தேய்ந்து நின்றுவிட்டால், சம்சாரிக்கு வேண்டியது அன்றைக்கே கிடைக்கும் சாமானே ஆகும். அடுத்த வாரம் வந்து சேரும் மலிவான சாமானால் அவனுக்கு என்ன பிரயோஜனம்?

ஆகவே விலை என்பது வேறு, செலவு என்பது வேறு என்பதை நம்மவர் முதலில் உணர வேண்டும். உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஊர்க் கடையில் 1,200 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சாமான் ஆன்லைனில் 900 ரூபாய்க்குக் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். லாபம் 300 ரூபாய் என்று மனம் மகிழ்கிறது. பார்சல் வர நான்கு நாளாகிறது. தீப்பெட்டிப் பண்டல் ஏற்றும் மினி லாரி ஒன்று, செலவு போக நாளொன்றுக்கு 800 ரூபாய் சம்பாதிக்குமானால், நான்கு நாளில் 3,200 ரூபாய் நஷ்டம். வந்த சாமான் பொருந்தாமற் போனால் திருப்பியனுப்பி மறுபடி பெற இன்னும் ஒரு வாரம். பட்டறையில் என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கும்போது இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதற்கு மெக்கானிக்கின் முகச் சுளிப்பு வேறு. 300 ரூபாயை மிச்சம் பிடித்தவன் 3,200 ரூபாயைக் கோட்டை விட்டான் என்பதே முழுக் கணக்கு.

தள்ளுபடி என்ற சொல்லையும் சற்று ஆராய வேண்டும். பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் விலை, சட்டப்படி அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச வரம்பே தவிர, சாமானின் நியாயமான மதிப்பு ஆகாது. பெயர் தெரியாத ஒரு கம்பெனி, 300 ரூபாய் பெறாத பொருளின் மேல் 1,000 ரூபாய் என்று அச்சிட்டு, 60 சதவிகிதம் தள்ளி 400 ரூபாய்க்கு விற்பதில் யாதொரு தியாகமும் இல்லை. எவ்வளவு தள்ளினார்கள் என்று பார்ப்பதை விட்டு, எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பார்ப்பதே விவேகம். உள்ளூர்க் கடைக்காரரும் அச்சிட்ட விலையில் வழக்கமாகக் குறைத்துக் கொடுப்பவரே. அதை அவர் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வதில்லை.

சாமான் பொருந்துவதென்பதும் லேசான காரியம் அன்று. டி.வி.எஸ். மொபெட் ஓடாத கரிசல் கிராமம் ஏது? 2020-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தது. அதையொட்டி அவ்வண்டியில் கார்புரேட்டர் நீங்கி, எரிபொருளை அளந்து பீச்சும் கருவி அமைந்தது. பெயர் ஒன்றாயினும், பழைய வண்டியின் எரிபொருள் சாமான் புதிய வண்டிக்கு உதவாது. ஊர்க் கடையில், கழற்றிய பழைய சாமானை மேஜை மேல் வைத்ததுமே, இருபது வருஷம் பழகிய கடைக்காரர் அது எந்த வருஷத்து மாடல் என்று சொல்லி, அதற்கேற்றதை எடுத்துக் கொடுக்கிறார். இந்த அறிவுக்கு அவர் தனியாகக் கட்டணம் கேட்பதில்லை. அதற்குரிய கூலி சாமான் விலையிலேயே அடங்கியிருக்கிறது. அவரிடம் விவரம் கேட்டுக்கொண்டு, வாங்குவதை மட்டும் வேறிடத்தில் வைத்துக்கொள்வது நியாயமாகுமா என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

உயிருக்கு அபாயம் விளைக்கும் விஷயத்தில் இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். 2023-ம் வருஷம் மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய ஆன்லைன் வியாபாரக் கம்பெனிகளுக்கு எதிராக உத்தரவு பிறப்பித்தது. மோட்டார் காரில் சீட் பெல்ட் போடாதவரை எச்சரிக்கும் ஒலியை அடக்குவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கொக்கியை அவை விற்பனைக்கு வைத்திருந்தன. உத்தரவின் பேரில் 13,118 விளம்பரப் பதிவுகள் நீக்கப்பட்டன. உயிரைக் காக்கும் ஏற்பாட்டைச் செல்லாக்காசாக்கும் ஒரு சாமான், பதினாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளாகப் பகிரங்கமாய் விலைக்கு நின்றதென்றால், அச்சந்தையில் பரிசோதனை எவ்வளவு தூரம் இருந்தது என்பதை ஊகிக்கலாம். ஹெல்மெட் விஷயமும் இத்தகையதே. 2021-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி முதல், ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்பது சட்ட விரோதம். எனினும் முத்திரையில்லாத மலிவு ஹெல்மெட்டுகள் சாலையோரத்தில் குவிந்து கிடப்பதை நாம் இன்றும் காண்கிறோம்.

இதிலிருந்து, போலிச் சாமான் ஆன்லைனில் மட்டுமே உண்டென்று நாம் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். உள்ளூர்க் கடைகளிலும் குறைகள் உண்டு. அவற்றை மூடி மறைப்பது நட்பாகாது. டூப்ளிகேட் சாமானை ஒரிஜினல் என்று தள்ளிவிடுவோர் இருக்கிறார்கள். பில் கேட்டால் விலை வேறு என்பவர்கள் இருக்கிறார்கள். விற்ற சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்று பலகை எழுதித் தொங்கவிடுவோர் இருக்கிறார்கள். மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கமிஷனை வாடிக்கைக்காரர் தலையில் ஏற்றும் வழக்கமும் யாரும் அறியாததன்று. கைப்பேசியில் விலையைக் கண்ட சம்சாரிக்கு, இத்தனை நாளாக நாம் ஏமாந்தோமோ என்ற சந்தேகம் பிறந்தால் அதற்குக் கடைக்காரரே பொறுப்பாளி. சுதேசியம் என்பது ஊரானிடம் ஏமாறுவதற்கு இட்ட பெயராகிவிடக் கூடாது.

ஆன்லைன் வியாபாரத்தின் நன்மைகளையும் மறுக்க முடியாது. உற்பத்தி நின்றுபோன பழைய வண்டிக்கு வேண்டிய அபூர்வ சாமானை ஊர்க் கடையில் தேடினால் கிடைக்காது. எங்கோ ஒரு மூலையில் இருப்பதை அது கண்டுபிடித்துத் தருகிறது. சீட் உறை, கைப்பேசி தாங்கி போன்ற, வண்டி ஓட்டத்துக்குச் சம்பந்தமில்லாதவற்றை அவசரமின்றித் தருவிப்பதில் தோஷமில்லை. 2020-ம் வருஷம் புவிசார் குறியீடு பெற்ற நமது கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் இந்த வழியாகவே தொலைதூர நகரங்களுக்குச் செல்கிறது. விற்பதற்கு மட்டும் பாதை திறந்திருக்க வேண்டும், வாங்குவதற்கு அடைத்துவிட வேண்டும் என்பது நேர்மையாகாது.

ஆனால் வேறொரு விஷயத்தை இந்த ஜில்லாவினர் மறக்கலாகாது. கோவில்பட்டிக்கு அதிக தூரமில்லாத ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906-ம் வருஷத்தில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். அதனை வீழ்த்த ஆங்கிலக் கப்பல் கம்பெனி எடுத்த முதல் ஆயுதம் யாது? தள்ளுபடியே. கொழும்புக்குச் செல்லும் பிரயாணிக்குக் கட்டணத்தை ஒரு ரூபாய் வரையில் குறைத்தார்கள். பின்னர் இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகவும், குடை ஒன்றும் தருவதாகவும் ஆசை காட்டினார்கள். அது பிரயாணிகளின் மேலுள்ள வாஞ்சையால் அன்று. நஷ்டத்தைத் தாங்கப் பெருமுதல் கையிலிருந்தது. போட்டியாளன் ஒழிந்தபின் விலையைத் தம் இஷ்டம் போல் வைக்கலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. சுதேசிக் கம்பெனி 1911-ம் வருஷத்தில் கலைக்கப்பட்டதற்கு அது ஒன்றே காரணமன்று. 1908-ல் அத்தலைவர் சிறை புகுந்ததும் மற்றும் பல இடுக்கண்களும் சேர்ந்தன. ஆயினும் இலவசக் குடையின் விலையைக் கடைசியில் யார் கொடுத்தார்கள் என்பது சரித்திரம் கற்பிக்கும் பாடம். ஒவ்வொரு தள்ளுபடியும் சூழ்ச்சி என்று நாம் சொல்லவில்லை. நஷ்டத்துக்கு விற்பவன் அதை எப்படி ஈடு செய்வான் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்றே சொல்லுகிறோம்.

இந்தப் பாடத்தைக் கோவில்பட்டி தன் அனுபவத்திலும் அறிந்திருக்கிறது. மலிவான அந்நிய லைட்டர்கள் வந்து குவிந்து தீப்பெட்டித் தொழிலை நலிவித்தபோது, முதலாளிகளும் தொழிலாளிகளும் ஒரே குரலாக முறையிட்டார்கள். அதன் பயனாக, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை இந்திய சர்க்கார் 2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தடை செய்தது. தீப்பெட்டிக்கு ஒரு நியாயம், பக்கத்து வீதி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வேறொரு நியாயமா? அக்கடையில் வேலை செய்யும் பையனும், பக்கத்துப் பட்டறை மெக்கானிக்கும், எதிரிலுள்ள டீக்கடைக்காரரும் ஒருவர் கையிலுள்ள காசில் மற்றவர் பிழைப்பவர்கள். மழை பொய்த்த வருஷத்தில், மகசூல் வந்தபின் கொடுங்கள் என்று கடன் சொல்லிச் சாமான் கொடுப்பவர் அந்தக் கடைக்காரரே. கைப்பேசிக்குச் சம்சாரியின் முகம் தெரியாது.

சட்டம் இன்று நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. அந்நிய மூலதனத்தால் நடக்கும் ஆன்லைன் சந்தைகள், தம்மிடம் விற்கப்படும் சாமான்களின் விலையை நேராகவோ மறைமுகமாகவோ நிர்ணயிக்கலாகாது என்ற விதி, 2019-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி முதல் உறுதியாக்கப்பட்டது. 2020-ம் வருஷத்து விதிகளின்படி, விற்பவர் பெயரையும், சாமான் எந்த நாட்டில் செய்யப்பட்டதென்பதையும் தெரிவிக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் பரிகாரம் செய்ய வேண்டும். வாங்கியவர் தாம் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். டில்லிக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்ச ரூபாய் வரையில் கட்டணமும் கிடையாது. எழுதிய சட்டம் ஏட்டிலே உறங்கினால் பயனில்லை. நமது தேச ஊழியர்கள் இவ்விதிகளைக் கிராமந்தோறும் எடுத்துச் சொல்வதைத் தங்கள் வேலைகளில் ஒன்றாகக் கொள்ளவேண்டும்.

வரி விஷயத்திலும் ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. 2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் மோட்டார் உதிரிச் சாமான்கள் யாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 சதவிகிதமாயிற்று; அதற்கு முன் பலவற்றுக்கு 28 சதவிகிதம் இருந்தது. டிராக்டர் டயர், டியூப் வரி 18-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. இக்குறைவு சம்சாரியின் கைக்கு முழுதும் வந்து சேர்ந்ததென்று பில்லைக் காட்டி மெய்ப்பிக்கும் கடைக்காரர், எந்தத் தள்ளுபடிக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

நமது யோசனைகள் சிலவே. பிரேக், ஸ்டியரிங், டயர், கிளட்ச் போன்று உயிரையும் ஓட்டத்தையும் பொறுத்த சாமான்களைத் தெரிந்த கடையில், பில்லுடன் வாங்குக. விலை வித்தியாசம் அதிகமாகத் தோன்றினால், கைப்பேசியில் கண்ட விலையைக் கடைக்காரரிடம் காட்டிக் காரணம் கேட்பதில் வெட்கமில்லை. வியாபாரிகள் ஒவ்வொரு விற்பனைக்கும் பில் கொடுக்கட்டும். ஒரிஜினலையும் மற்றதையும் தனித்தனியே வைத்து இன்னது இன்னதென்று சொல்லட்டும். பொருந்தாததை மூன்று நாளைக்குள் திரும்ப எடுக்கட்டும். தனித்தனியே சிறு தொகைக்குக் கொள்முதல் செய்வோர் ஒன்றுகூடிக் கம்பெனிகளிடம் மொத்தமாக வாங்கினால், தாங்களும் மலிவாகக் கொடுக்கலாம். கூட்டுறவு என்பது சம்சாரிக்கு மட்டுமே உரிய மந்திரம் அன்று.

ஊர்க் கடை நியாயமாக நடந்தால் ஜனங்கள் அதனைக் கைவிடார்; ஜனங்கள் முழுக் கணக்குப் பார்த்தால் ஊர்க் கடை அழியாது. இவ்விரண்டும் சேர்ந்து நடக்க வேண்டிய காரியம். ஐப்பசி மழை பெய்து கரிசல் பதமாகும் நாளில், கோவில்பட்டி வீதியில் அந்தக் கடையின் கதவு திறந்திருக்குமா என்பது, மற்ற பதினொரு மாதங்களில் நாம் எங்கே சாமான் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.