பல்லுக்கு அரண்

முகத்திற்கு அழகும், சொல்லுக்குத் திருத்தமும், உண்ட உணவு செரித்தற்கு உதவியும் தருவன பற்கள். அவற்றைக் குழந்தைப் பருவந்தொட்டே பேணுதல் வேண்டும். பாற்பற்கள் எப்படியும் விழுந்துவிடுவனதாமே எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. பின்னர் முளைக்கும் நிலைப்பற்களுக்கு இடம் காத்து நிற்பவை அவையே.

இனிப்பின் எச்சம் பல்லிடுக்கில் தங்கினால், அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதனை உண்டு அமிலத்தைத் தோற்றுவிக்கின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பகுதியாகிய எனாமலில் உள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கின்றது, பல் சொத்தையாகின்றது. பற்பசையிலுள்ள புளோரைடு என்னும் உப்பு, கரைந்த சத்து மீண்டும் எனாமலிற் படியத் துணைசெய்து, பல்லை உறுதியாக்குகின்றது.

இவ்வுப்பின் இயல்பு அறியப்பட்ட வரலாறு சுவையானது. 1901 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பிரெடரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர் தொழில் தொடங்கினார். அவ்வூரிற் பிறந்து வளர்ந்தோர் பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருந்தது. ஆயினும், அப்பற்கள் எளிதிற் சொத்தையாகவில்லை என்பதை அவர் பின்னர்க் கண்டார். 1931-இல் சர்ச்சில் என்னும் வேதியியலறிஞர், இத்தகைய ஊர்களின் குடிநீரில் புளோரைடு மிகுந்திருத்தலைக் கண்டறிந்தார்.

அளவோடு சேரின் காப்பது, அளவு மிகின் கெடுக்கின்றது. ஏறத்தாழ எட்டு வயதுவரை நிலைப்பற்களின் எனாமல் தாடையினுள் உருவாகிக்கொண்டிருக்கும். அக்காலத்தில் புளோரைடு மிகுதியாக வயிற்றுட் சென்றால், பின் முளைக்கும் பற்களில் வெண்புள்ளியும் பழுப்புக் கறையும் தோன்றும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் இவ்வுப்பு மிகுதி. அதுபற்றியே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்று, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. நீரைக் காய்ச்சுவதால் புளோரைடு நீங்காது என்பதும் அறியத்தக்கது.

மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்கு அரிசிமணியளவும், மூன்று முதல் ஆறு வயதுவரை பட்டாணியளவும் பற்பசை போதும். காலையிலும், இரவு உறங்குமுன்னும், பெரியவரே பசையை எடுத்துவைத்துத் துலக்கிவிடுதல் வேண்டும். நுரையை விழுங்காது உமிழப் பழக்குதல் வேண்டும். இனிய சுவையுடைய பசையைக் குழந்தை தின்பண்டமென எண்ணும். ஆதலின் அதனைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல் நலம். நீரில் புளோரைடு மிகுந்த ஊரினர், தம் குழந்தைக்கு ஏற்ற பசை எது என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

மாணவர்களே! விளம்பரங்களில் தூரிகை நிறையப் பசை வைத்திருத்தலைக் காண்பீர்கள். அது கண்டு மயங்காதீர்கள். உங்கள் தம்பி தங்கையர் பல் துலக்கும்பொழுது உடனிருந்து அளவை நோக்குங்கள். அவர்களுக்கு இன்னும் முளையாத பற்களில் இன்று ஏறும் கறை, நாளை எத்துணைத் துலக்கினும் போகாது.