உட்காட்டு வேட்டைக்கான உடற்தகுதியும் ஊட்டச்சத்துத் துணைப்பொருட்களும்

உட்காட்டு வேட்டை என்பது சாலையும் வாகனமும் எட்டாத காட்டுக்குள் நடந்து சென்று, பல நாட்கள் தங்கி, கூடாரம் முதல் உணவு வரை எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நடத்தப்படும் வேட்டையாகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இது பேக்கன்ட்ரி வேட்டை எனப்படுகிறது. கொலராடோ, மொன்டானா, ஐடஹோ, வயோமிங் ஆகிய மாநிலங்களில், ராக்கி மலைத்தொடரில் நடைபெறும் எல்க் மான் வேட்டை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

இந்த வேட்டைக்குச் செல்வோர் மாதக்கணக்கில் உடற்பயிற்சி செய்கின்றனர். அவர்களை நோக்கியே புரதப்பொடி, ஆற்றல் பானம், மாத்திரை எனப் பலவகைத் துணைப்பொருட்கள் விற்கப்படுகின்றன. இவற்றில் சில உண்மையிலேயே உதவும், பல பயனற்றவை, சில ஆபத்தானவை. எந்தத் துணைப்பொருளும் பயிற்சி, போதிய உணவு, உயரத்துக்குப் பழகுதல் ஆகிய மூன்றுக்கும் ஈடாகாது. அதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் உழைப்பும்

எல்க் என்பது கடமானைவிடப் பெரிய மான் இனம். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் எடையிருக்கும். அமெரிக்க மாநிலங்களில் கொலராடோவில்தான் எல்க் எண்ணிக்கை மிகுதி. அங்கு செப்டம்பரில் வில்வேட்டையும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் துப்பாக்கி வேட்டையும் நடைபெறுகின்றன. பெரும்பாலும் 2,400 முதல் 3,600 மீட்டர் வரை உயரமுள்ள மலைப்பகுதிகளில் வேட்டை நடக்கிறது. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் வாகனத்துக்கு மட்டுமன்றி மிதிவண்டிக்கும் அனுமதியில்லை. அங்கே கால்நடையாகவோ குதிரையிலோதான் செல்ல முடியும்.

கடினமான பகுதி விலங்கு வீழ்ந்த பிறகே தொடங்குகிறது. ஓர் ஆண் எல்க்கிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சியே சுமார் 80 முதல் 110 கிலோ வரை கிடைக்கும். ஒருவர் தனியாக 30 கிலோ வீதம் சுமந்தால் மூன்று, நான்கு நடைகள் தேவைப்படும். முகாம் சாலையிலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், நான்கு சுமைகளையும் சாலைக்குக் கொண்டு சேர்க்க 42 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதில் 24 கிலோமீட்டர் சுமையுடன் நடப்பதாகும்.

இதைத் தள்ளிப்போடவும் முடியாது. எல்க்கின் தடித்த தோல் உடல் வெப்பத்தை அடக்கி வைத்திருப்பதால், செப்டம்பர் மாதப் பகல் வெயிலில் இறைச்சி விரைவில் கெட்டுவிடும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விடுவது கொலராடோவில் சட்டப்படி குற்றம். ஆகவே சுமக்க வலுவில்லாத இடத்தில் விலங்கை வீழ்த்துவது உயிரை வீணாக்குவதாகவும் சட்டமீறலாகவும் முடியக்கூடும்.

உடலுக்கு நேர்வது என்ன?

சுமையுடன் நடக்கும்போது செலவாகும் ஆற்றல் ஐந்து காரணிகளைப் பொறுத்தது: உடல் எடை, சுமையின் எடை, நடைவேகம், சரிவு, தரையின் தன்மை. அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் 1977-இல் வெளியிட்ட பாண்டால்ஃப் சமன்பாடு இவற்றை ஒன்றிணைத்துக் கணக்கிடுகிறது. சமதளச் சாலையில் எளிதாகத் தோன்றும் 25 கிலோ சுமை, விழுந்த மரங்களும் தளர்ந்த கற்களும் நிறைந்த ஏற்றத்தில் பெரும் பாரமாகிவிடும்.

3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. எனவே கீழே இயல்பாக இருந்த நடைவேகம் மேலே மூச்சு வாங்க வைக்கும்.

இதயத்தின் மீதான சுமையும் கருதத்தக்கது. மிச்சிகன் மாநிலத்தில் மான் வேட்டைக்காரர்களின் இதயத்துடிப்பை வேட்டையின்போதே பதிவு செய்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. மருத்துவமனையில் நடைப்பொறியில் செய்த சோதனையில் எட்டிய உச்சத் துடிப்பைவிட, வேட்டையில் சிலரது துடிப்பு அதிகமாக இருந்தது. ஆண்டு முழுவதும் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு ஒரே வாரம் மலையேறுவோருக்கு இது முக்கியமான எச்சரிக்கை. நாற்பது வயதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களும் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பயிற்சி முறை

நான்கு முதல் ஆறு மாதப் பயிற்சி பொதுவாகப் போதுமானது. அதில் நான்கு கூறுகள் உள்ளன.

1. அடித்தளப் பயிற்சி: பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகத்தில் நீண்ட நேரம் நடத்தல் அல்லது மெதுவாக ஓடுதல். இது இதயத்தையும் தசைகளின் ஆக்சிஜன் பயன்பாட்டையும் மேம்படுத்துகிறது.

2. வலுப்பயிற்சி: படியேறுதல், குந்தி எழுதல், எடையைத் தரையிலிருந்து தூக்குதல், இடுப்பு மற்றும் முதுகுத் தசைகளுக்கான பயிற்சிகள்.

3. சுமைநடை: சிறிய சுமையில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை எடையைக் கூட்டுதல். வாரம் ஒருமுறை அல்லது பத்து நாட்களுக்கு ஒருமுறை போதும். அடிக்கடி பெருஞ்சுமை தூக்கினால் முழங்காலும் முதுகும் காயமடையும்.

4. இறக்கப் பயிற்சி: பலர் மறந்துவிடுவது இதைத்தான். மலையிலிருந்து இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே விசையைத் தாங்குகின்றன. இவ்வகை உழைப்புக்குப் பழகாத தசைகளில் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் கடும் வலி உண்டாகும். ஆனால் முன்கூட்டியே சிலமுறை சுமையுடன் இறங்கிப் பழகினால் வலி வெகுவாகக் குறையும். இறைச்சியைப் பெரும்பாலும் மேலிருந்து கீழே சுமப்பதால் இப்பயிற்சி இன்றியமையாதது. ஊன்றுகோல் இரண்டைப் பயன்படுத்துவதும் முழங்காலின் பாரத்தைக் குறைக்கும்.

உணவே முதன்மை

மலையில் வேட்டையாடும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4,000 முதல் 6,000 கிலோகலோரி வரை தேவைப்படலாம். ஆனால் உணவையும் சுமந்தே செல்ல வேண்டும். கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரியும், மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரியும் தருகின்றன. ஆகவே கொட்டைகள், வேர்க்கடலை வெண்ணெய், பாலாடைக்கட்டி, எண்ணெய் போன்றவை எடையைக் குறைக்க உதவும். சராசரியாக கிராமுக்கு 4.5 கிலோகலோரி தரும் உணவை நாளுக்கு ஒரு கிலோ எடுத்துச் சென்றால் 4,500 கிலோகலோரி கிடைக்கும்.

சிறிதளவு பற்றாக்குறையை உடல் தாங்கிக்கொள்ளும். நாளுக்கு 1,500 கிலோகலோரி குறைந்தால் ஐந்து நாட்களில் 7,500 குறையும். இது ஏறத்தாழ ஒரு கிலோ உடற்கொழுப்புக்குச் சமம். ஆனால் ஏற்றத்தில் கடுமையாக உழைக்கும் தசைகள் கிளைக்கோஜன் எனப்படும் மாவுச்சத்துச் சேமிப்பையே பெரிதும் நம்பியுள்ளன. அது தீர்ந்தால் கால் தளரும், கவனம் சிதறும். கத்தியும் துப்பாக்கியும் கையாளும் இடத்தில் அது ஆபத்து. எனவே ஓட்ஸ், உலர்பழம், ரொட்டி, சோறு போன்றவற்றை நாள் முழுவதும் சிறிது சிறிதாக உண்பது நல்லது. உயரத்தில் பசி மந்தப்படுவதால், பசிக்காகக் காத்திராமல் நேரம் வைத்து உண்ண வேண்டும்.

கொழுப்பற்ற இறைச்சியை மட்டுமே நாட்கணக்கில் உண்டால் உடல் நலிவடையும். வடஅமெரிக்காவில் இதனை 'முயல் பட்டினி' என்பர். அளவுக்கு மீறிய புரதத்தைக் கல்லீரலால் கையாள முடியாததே காரணம். வடஅமெரிக்கச் சமவெளிகளின் தொல்குடி மக்கள் இதற்கு எப்போதோ தீர்வு கண்டிருந்தனர். காட்டெருமை இறைச்சியை உலர்த்தி இடித்து, உருக்கிய கொழுப்பில் கலந்து செய்த பெம்மிக்கன் என்னும் உணவு, எடை குறைந்தது, நீண்ட நாள் கெடாதது, ஆற்றல் மிக்கது. மென்மயிர் வணிகக் காலத்தில் படகோட்டிகளும் வணிகர்களும் அதையே நம்பி வாழ்ந்தனர்.

இதற்கு மாறான நிலையை 1805 செப்டம்பரில் லூயிசு, கிளார்க்கு பயணக்குழு சந்தித்தது. இன்று எல்க் வேட்டைக்குப் பெயர்பெற்ற பிட்டர்ரூட் மலைகளைக் கடந்தபோது அவர்களுக்கு வேட்டை கிட்டவில்லை. பிலடெல்பியாவில் வாங்கிவந்த உலர்த்திய சூப்பையும், பின்னர் தம் குதிரைக்குட்டிகளையும் உண்டனர். மலையைக் கடந்ததும் நெஸ் பெர்ஸ் மக்கள் கமாஸ் கிழங்கும் உலர்ந்த சால்மன் மீனும் தந்து காப்பாற்றினர். ஆனால் பழகாத அவ்வுணவை வயிறார உண்ட பலர் நோயுற்றனர். புதிய உணவையோ பொடியையோ முதன்முறையாக மலையில் சோதிக்கக்கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

துணைப்பொருட்கள்: எது உதவும்?

காஃபின்: நன்கு ஆராயப்பட்ட பொருள். உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவிலேயே களைப்பு உணர்வைக் குறைக்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 210 மில்லிகிராம். ஏறத்தாழ இரண்டு குவளைக் காப்பி. நலமான வயதுவந்தோருக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை பொதுவாகத் தீங்கில்லை. சில பயிற்சிப் பொடிகளில் ஒரு கரண்டியிலேயே 200 முதல் 300 மில்லிகிராம் இருப்பதால் எளிதில் அளவு மீறிவிடும். அளவு மீறினால் கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை உண்டாகும். குறி பார்க்க வேண்டியவருக்கு நடுங்கும் கை பெருங்கேடு.

கிரியேட்டின்: நாளுக்கு 3 முதல் 5 கிராம் வரை உட்கொண்டால் குறுகிய நேரப் பெருமுயற்சிக்கு வலு கூடும். வலுப்பயிற்சி செய்யும் மாதங்களில் பயன் தரும். தசையில் நீர் சேர்வதால் உடல் எடை ஓரிரு கிலோ கூடலாம். மலையேறும்போது அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

புரதப்பொடி: பயிற்சி செய்வோருக்கு உடல் எடையின் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் போதும். முட்டை, பருப்பு, பால், இறைச்சி ஆகியவற்றில் இது கிடைத்தால் பொடி தேவையில்லை. எடை குறைவு என்பதே மலையில் பொடியின் வசதி.

உப்புக்கரைசல்கள்: வியர்வையில் முதன்மையாக வெளியேறும் உப்பு சோடியம். வெயில் நாட்களில் நீண்ட நேரம் உழைப்போருக்கு இக்கரைசல் உதவும். உப்பிட்ட உணவும் அதே வேலையைச் செய்யும். தாகத்துக்கு மேல் அளவின்றி வெறும் நீரைக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

இரும்பு, வைட்டமின் டி: இரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்க வேண்டும்.

உயரநோயும் மாத்திரைகளும்

2,500 மீட்டருக்கு மேல் விரைவாகச் செல்வோருக்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவற்றுடன் உயரநோய் வரலாம். இது முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். இதைத் தடுக்கும் என்று கிங்கோ இலைச்சாறு மாத்திரைகள் விற்கப்பட்டன. எவரெசுட்டு செல்லும் வழியில் மலையேறுவோரிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில் கிங்கோ பயன் தரவில்லை. அசிட்டசோலமைடு என்னும் மருந்தே பயன் தந்தது. அது துணைப்பொருள் அன்று. மருத்துவர் சீட்டுடன் பெற வேண்டிய மருந்து. வேட்டை தொடங்கும் முன் இரண்டு, மூன்று நாட்கள் மிதமான உயரத்தில் தங்கிப் பழகுவதே எளிய வழி. அறிகுறிகள் முற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும்.

சட்டமும் தரமும்

அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டின் உணவுத் துணைப்பொருள் சட்டப்படி, ஒரு துணைப்பொருளை விற்கும் முன் அது பாதுகாப்பானது, பயனுள்ளது என்று அரசிடம் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. தீங்கு வெளிப்பட்ட பிறகே பெரும்பாலும் நடவடிக்கை வருகிறது. எபிட்ரா இதற்குச் சான்று. எடை குறைப்புக்கும் சுறுசுறுப்புக்கும் விற்கப்பட்ட இம்மூலிகைப் பொருள் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுடன் தொடர்புபடுத்தப்பட்டது. 2003 பிப்ரவரியில் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத் தாக்கத்தால் இறந்தார்; அவர் எபிட்ரா உட்கொண்டிருந்தார். 2004-இல் எபிட்ரா கலந்த துணைப்பொருட்களுக்கு அமெரிக்க அரசு தடை விதித்தது.

எனவே வாங்குவோர் என்எஸ்எஃப், யுஎஸ்பி போன்ற சுதந்திர ஆய்வமைப்புகளின் முத்திரை உள்ளதா என்று பார்ப்பது நல்லது. முத்திரை, பொருளில் என்ன இருக்கிறது என்பதை உறுதி செய்யும்; அது பயன் தரும் என்று உறுதி செய்யாது. 'தனியுரிமைக் கலவை' என்று மட்டும் எழுதி, ஒவ்வொரு பொருளின் அளவையும் மறைக்கும் புட்டிகளைத் தவிர்க்க வேண்டும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. எனினும் சுமை, உயரம், உணவு பற்றி இங்கே கூறியவை இமயமலையில் மலையேற்றம் செல்வோருக்கும் அப்படியே பொருந்தும். பணத்தையும் நேரத்தையும் செலவிடும் வரிசை அவர்களுக்கும் இதுவே: முதலில் சுமைநடைப் பயிற்சி, அடுத்து உயரத்துக்குப் பழகும் நாட்கள், பிறகு போதிய உணவும் உப்பும் நீரும், எல்லாவற்றுக்கும் பின்னரே துணைப்பொருட்கள்.