தை மாதக் கல்யாணமா? தேனிலவுக்கு மேற்குக் கரைத் தீவுகளே சிக்கனம்

தையில் மணமுடித்து, குறைந்த செலவில் தீவுக்குத் தேனிலவு செல்ல நினைப்போர் விலைக்கு முன் பருவநிலையைப் பார்க்க வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழையால் கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் மூடியிருக்கும். மலிவென்று முன்பணம் கட்டிவிட்டால் சிக்கல்தான்.

தித்திவங்சா மலைத்தொடர் தடுப்பதால் மேற்குக் கரையில் அந்த மழையின் தாக்கம் குறைவு. கோல பெர்லிஸ் வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து ஃபெரியில் லங்காவி போகலாம். பங்கோருக்கு லுமுட்டில் ஃபெரி ஏறலாம். விமானச் செலவு மிச்சம்.

சீனப் புத்தாண்டு வாரத்தில் அறை வாடகை ஏறும். அதைத் தவிர்த்து, வார நாட்களில் தங்குவது நல்லது.

இரண்டும் தீர்வையற்ற தீவுகள். மலிவென்று சாக்லெட்டும் பாத்திரமும் வாங்கிக் குவித்தால், மிச்சம் பிடித்த மொய்ப்பணம் அங்கேயே கரைந்துவிடும்.