பழஞ்சேலையில் எழுதிய பெயர்

"இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு நாலு வருசம் நாத்து நட்டிருக்கேன். இப்ப இதுல யாருக்கோ பொறந்தநாள் வாழ்த்து எழுதப் போறாகளாம்" என்று சிரிக்கிறார் அப்பத்தா. அவர் மடியில் ஒரு சுங்குடிச் சேலை. உட்கார்ந்து எழுந்து நடுப்பகுதி நைந்துவிட்டது. அடிக்கரை வரப்பில் மாட்டிக் கிழிந்திருக்கிறது. முந்தி மட்டும் நிறம் மாறாமல் இருக்கிறது.

மானாமதுரைப் பக்கம் ஓர் அம்பேத்கர் நகர். அங்குள்ள சமுதாயக் கூடத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் ஐந்து பெண்கள் கூடுகிறார்கள். மூன்று பேர் நூறு நாள் வேலைக்குப் போய் வந்தவர்கள், இரண்டு பேர் கல்லூரி மாணவிகள். பரிசுப் பொருளின் மேல் கட்டிவிடும் சின்னப் பெயர்ச் சீட்டுகளை, கடைக்காரர்கள் 'கிஃப்ட் டேக்' என்று சொல்வதை, கிழிந்த துணியில் செய்கிறார்கள். நாமும் சில மாலைகள் அவர்களோடு உட்கார்ந்து கத்தரி பிடித்தோம்.

வேலை எளிதுதான், ஆனால் பொறுமை வேண்டும். நூல் துணிதான் சரிப்படும். பழைய நூல் சேலை, வேட்டி, கைலி எதுவும் ஆகும். பாலியஸ்டரில் கஞ்சி நிற்காது, இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிவிடும். துணியை வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைக்கிறார்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள். எங்கே நூல் இளகியிருக்கிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டு ஒதுக்குகிறார்கள். மிஞ்சியதைக் கெட்டியான சவ்வரிசிக் கஞ்சியில் முக்கி, சுருக்கம் இல்லாமல் விரித்து உலர்த்தி, இஸ்திரி போட்டால் துணி அட்டை மாதிரி விறைக்கிறது. அதை மைதாப் பசை தடவிப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் அச்சடித்த பக்கத்தில் ஒட்டுகிறார்கள். வெற்றுப் பக்கம் எழுதுவதற்கு.

ஒரு சீட்டு 9 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். ஒரு மீட்டர் சேலைத் துணியில் கணக்குப்படி 240 சீட்டு வரவேண்டும். ஓட்டை, கறை எல்லாம் கழித்து 150 தேறினால் நல்ல சேலை என்கிறார்கள். ஓரத்தில் ஓட்டுத் தையல், மேலே ஒரு துளை. கட்டுவதற்குக் கரையில் உருவிய நூலையே நாலைந்து இழை சேர்த்து முறுக்கிக் கோக்கிறார்கள். சின்ன ஓட்டை விழுந்த துண்டையும் தள்ளுவதில்லை. அதைச் சுற்றி வேறு நிற நூலால் பூப்போல் தைத்துவிடுகிறார்கள்.

இந்த ஐவருக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. முதலில் தங்கள் வீட்டுத் துணியைத்தான் எடுப்பார்கள். வெளியார் யாராவது பழந்துணி தருவதாக இருந்தால், கூடத்துக்கு வந்து கையில் கொடுக்க வேண்டும். வாசலில் போட்டுவிட்டுப் போனால் தொடமாட்டார்கள். ஏன் என்று கேட்டோம். அப்பத்தாதான் பதில் சொன்னார்.

"எங்க காலத்துல தீவாளிக்குத் தீவாளி ஊருக்குள்ள போயி நிப்போம். ரெண்டு கையையும் ஏந்தணும். திண்ணையில இருந்து போடுவாக. கையில படாம விழுகணும். கீழ விழுந்தா குனிஞ்சு எடுத்துக்கிறணும். அந்தச் சேலைய உடுத்தி வளந்தவதான் நான். இனிமே துணின்னா கைக்குக் கைதான்."

இது ஒரு கிழவியின் நினைவு மட்டுமல்ல. எவர் எதை உடுத்த வேண்டும் என்று சாதி எழுதியே வைத்திருந்தது. சண்டாளருக்கு உடை பிணத்தின் மேல் கிடந்த துணி என்று மனு நூலின் பத்தாம் அத்தியாயம் விதிக்கிறது. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எரிக்கப்பட்டது அந்த நூல்தான்.

மகாத் வரை போவானேன்? நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக் கதையே போதும். 1930 டிசம்பரில் இங்கே ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931-ல் தடைகள் பதினொன்றாயின. அவற்றில் ஒன்று, பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், சும்மாட்டுக்கு வைக்கோல்தான் வைக்க வேண்டும், துணி வைக்கக் கூடாது என்பது. ஜே.எச்.ஹட்டன் 'இந்தியாவில் சாதி' என்ற தம் நூலில் இவற்றைப் பதிந்திருக்கிறார். தலையில் குடம் உறுத்தாமல் இருக்க ஒரு கந்தலைச் சுருட்டி வைக்கும் உரிமைகூட நம் பாட்டிமாருக்கு இல்லை. மாணவர்கள் இந்த ஒரு வரியை மறக்கக் கூடாது.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று பள்ளியில் படிக்கிறோம். நல்ல மொழிதான். ஆனால் கசக்குவதற்குத் தண்ணீர் வேண்டாமா? குளத்தையும் கிணற்றையும் அடைத்து வைத்துக்கொண்டு, அழுக்காக இருக்கிறார்கள் என்று ஒதுக்கியது யார்? அதனால்தான் அண்ணல் 1927 மார்ச் 20 அன்று முதலில் மகாத்தின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அங்கே கூடிய பெண்களிடம் உடையைப் பற்றிப் பேசினார். உடையில் ஒட்டுப்போட்டிருந்தால் கவலை வேண்டாம், சுத்தமாக இருக்கட்டும் என்றார். தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் விதமாகச் சேலை கட்டுவதை விடச் சொன்னார். என்ன உடுத்துவது என்பதை வேறு யாரும் முடிவு செய்ய முடியாது என்றார். ஒட்டு அவமானம் இல்லை, பிறர் சுமத்திய அடையாளம்தான் அவமானம் என்பது அவர் சொன்னதன் பொருள்.

கடல் கடந்தும் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், நைந்துபோன வேலை உடுப்புகளை வெட்டி ஒட்டுப் போர்வை தைத்தார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனதற்காக வேலையையும் வீட்டையும் இழந்தவர்கள் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள். 1966-ல் அங்கே பெண்கள் கூட்டுறவு அமைத்துப் போர்வைகளை விற்றார்கள். 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை ஜீஸ் பெண்ட் போர்வைகளின் படத்தைத் தபால்தலைகளில் அச்சிட்டது. இன்று அருங்காட்சியகங்களில் அவை தைத்தவர் பெயரோடு தொங்குகின்றன.

பெயர் என்றதும் நம் அம்பேத்கர் நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பக்கத்து நகரத்துப் பரிசுப்பொருள் கடை ஒன்று 500 சீட்டுக் கேட்டது. ஒன்று ஐந்து ரூபாய், மொத்தம் 2,500 ரூபாய். ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் கீழ் ஓரத்தில் 'அம்பேத்கர் நகர் பெண்கள்' என்று சின்னதாக முத்திரை இருக்கும். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கும்மா. பின்னால அந்தப் பேரு மட்டும் வேண்டாம். கைவினைன்னு போட்டாப் போதும். வாங்குறவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க."

மூன்று மாலை பேசினார்கள். "பேரு சோறு போடுமா? பிள்ளைக பரீச்சைக்குப் பணம் கட்டணும்ல" என்றார் ஓர் அக்கா. அது நியாயமான கேள்வி. நாமும் அவர் பக்கம்தான் பேசினோம், இந்த ஒரு தடவை விட்டுக்கொடுக்கலாம் என்றோம். கல்லூரி மாணவி ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லை. "'காலனி'ங்கிற சொல்லை அரசாங்க ஆவணத்துல இருந்து எடுக்கப் போறதா 2025 ஏப்ரல்ல சட்டமன்றத்துல முதலமைச்சரே சொன்னாரு. அவங்க வச்ச பேரு போகுது, சரி. நம்மளா வச்ச பேரையும் நம்ம கையாலயே அழிக்கணுமா அண்ணே?" என்று நம்மைப் பார்த்துக் கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை.

முத்திரை நின்றது, கடை வாங்கவில்லை. பள்ளி ஆசிரியர்கள் சிலர் வாங்கினார்கள். ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலப் பைகளில் கட்டினார்கள். ஏப்ரல் 14 அன்று இரவுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசளித்த புத்தகங்களில் கட்டினார்கள். 500 போக வேண்டிய இடத்தில் 300-தான் போனது. 1,500 ரூபாய். பசை, நூல் செலவு போக மிஞ்சியது இரண்டு மாணவிகளின் தேர்வுக் கட்டணத்துக்குப் போயிற்று. இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அப்படி யாரும் அங்கே சொல்லவும் இல்லை.

படிக்கிற தம்பி தங்கைகள் வீட்டிலேயே இதைச் செய்யலாம். அம்மாவின் பழஞ்சேலை, கொஞ்சம் கஞ்சி, ஒரு பழைய பத்திரிகை போதும். நண்பருக்குப் புத்தகம் பரிசளிக்கும்போது கட்டிக் கொடுங்கள். பின்னால் உங்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் முழுசாக எழுதுங்கள்.

கிளம்பும்போது அப்பத்தா நமக்கும் ஒரு சீட்டுத் தந்தார். அவருடைய சுங்குடிச் சேலையின் முந்தி அது. பின்பக்கம் பேத்தி எழுதிய அவர் பெயர். வாங்குவதற்கு நாம் பழக்கத்தில் இரண்டு கையையும் ஏந்திவிட்டோம்.

"ஏந்தாதீக. கையக் குடுங்க" என்றார்.

கொடுத்தோம்.