உங்களுக்குத் தெரியுமா? பெர்லினில் குடியேறிய ஆர்கன்

1870இல் பாஸ்டனின் ஹூக் சகோதரர்கள், மாசசூசெட்ஸின் வூபர்ன் நகர யூனிடேரியன் தேவாலயத்துக்கு ஒரு குழாய் ஆர்கன் செய்து கொடுத்தார்கள். தேவாலயம் மூடப்பட்ட பிறகு அந்த ஆர்கன் ஜெர்மனிக்குக் கப்பலேறியது. ஒய்லே ஆர்கன் பட்டறை செப்பனிட்டுத் தர, 2001 முதல் பெர்லின் க்ரொய்ட்ஸ்பெர்க்கின் திருச்சிலுவை ஆலயத்தில் ஒலிக்கிறது.

ஆர்கனை இடம் மாற்றுவது எளிதல்ல. வெள்ளீயமும் காரீயமும் கலந்து செய்த குழாய்கள் மென்மையானவை. அழுத்திப் பிடித்தாலே நசுங்கும். ஒவ்வொன்றையும் கழற்றி, அடையாளமிட்டு, பெட்டியில் அடுக்க வேண்டும். புதிய கூடத்தில் சத்தம் எதிரொலிக்கும் விதமே வேறு என்பதால், அதற்கேற்பக் குழாய்களின் குரலையும் திருத்த வேண்டியிருக்கும். ஆனாலும் இத்தனை பாடுபடுவது தகும். இப்படியொரு கருவியை உலோக விலைக்கு உருக்கிவிடுவது பெருங்கொடுமை.