மேடும் பற்சக்கரமும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில் துவிச்சக்கர வண்டி மிதிப்பது சுகமான காரியம். வண்டி தானாகவே ஓடுவது போலத் தோன்றும். அதே வண்டியைப் பிரெட்றிக் கோட்டை வாயிலால் திருப்பிக் கோணேசர் ஆலயத்தை நோக்கி ஏறிப் பாருங்கள். மான்கள் மேயும் மரநிழல் வரையில் நமது பெருமை நிலைக்கும். அப்பால் பெரும்பாலோர் இறங்கித் தள்ளுவதே வழக்கம்.

அவ்வாறு தள்ளிக்கொண்டு வந்த மாணவன் ஒருவனுடன் நாமும் ஒரு காலை சேர்ந்து நடந்தோம். அவனுடையது வளைந்த கைபிடியும் மெல்லிய டயரும் கொண்ட பந்தய வண்டி. வெளிநாட்டிலுள்ள மாமன் அனுப்பிய பழையது. அதில்தான் சீனன்குடாவிலிருந்து நாள்தோறும் வகுப்புக்கு வருகிறான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மாலையில் வீடு திரும்புவதும் மேடேறுவதற்குச் சமம். முழங்காலில் நோ கண்டுவிட்டது. தந்தையார் வண்டியை விற்றுவிட எண்ணுகிறாராம்.

“சைக்கிள் நல்லதுதான் ஐயா, என்ரை காலிலைதான் பிழை” என்றான்.

பிழை காலில் இல்லை. பற்களை எண்ணிப் பார்த்தோம். முன்புறச் சிறு சக்கரத்தில் 39, பின்புறப் பெரிய சக்கரத்தில் 23. மிதிபடி ஒரு முறை சுற்றினால் பின்சில்லு ஏறக்குறைய 1.7 முறை சுற்றும். வண்டி மூன்றரை மீற்றர் நகரும். இது பந்தய வீரனின் காலுக்குப் போட்ட கணக்கு. பின்புறத்தில் 28 பற்கள் இருப்பின் ஒரு சுற்றுக்கு மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே நகரும். ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய பலம் ஐந்திலொரு பங்களவு குறையும். முன்பு 100 முறை மிதித்த மேட்டுக்கு இப்போது 122 முறை மிதிக்க வேண்டும். மொத்த வேலை குறைவதில்லை. பெருங்கடனைச் சிறு தவணைகளில் இறுப்பது போன்றதே இது. ஆயினும் முழங்கால் உணர்வது தவணையை அன்றோ!

பின்புறச் சக்கரத் தொகுதியை மாற்றுவதே முதலில் செய்யத்தக்கது; செலவும் குறைவு. ஆனால் சங்கிலியைப் பல்லுக்குப் பல் தள்ளும் பின்புறக் கரத்துக்கு ஓர் எல்லை உண்டு. பழைய குட்டைக் கரங்கள் பலவும் 28 பற்களுக்கு மேல் இடங்கொடா. சங்கிலியின் நீளத்தையும் பார்த்தல் அவசியம். முன்னும் பின்னும் பெரிய சக்கரங்களில் விழும்போது சங்கிலி போதாவிடின், கரம் முறிந்து சில்லுக்குள் அகப்படக்கூடும்.

முன்புறத்தில் 34 பற்கள் இருந்தால் இன்னும் இலகு. எனினும் திருகாணிகள் 130 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்த வண்டியில் 38க்குக் குறைந்த சக்கரம் பொருந்தாது. மிதிதண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பணப்பை அனுமதித்தால் அது பிறகு.

கியர் இல்லாத நமது சாதாரண வண்டிக்கும் வழியுண்டு. பின்புறத்திலுள்ள 18 பற்களுக்குப் பதிலாக 20 அல்லது 22 பற்களுள்ளதைப் பூட்டலாம். மீன்பெட்டி கட்டிச் செல்வோர் இதனைக் கவனிப்பாராக.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை. பிரான்ஸ் நாட்டைச் சுற்றும் புகழ்பெற்ற பந்தயத்தை 1903இல் தொடக்கிய ஹென்றி டெக்ராஞ்ச் என்பவரே, கியர் மாற்றுவது 45 வயதைக் கடந்தோருக்கே உரியது என ஏளனம் செய்தவர்தாம். சங்கிலி மாற்றும் கருவி அப்பந்தயத்தில் 1937இல்தான் இடம்பெற்றது. அதற்கிடையில் எத்தனை முழங்கால்கள் தேய்ந்தனவோ!

மாணவனின் தந்தையார் விற்பனையைச் சில நாள் ஒத்திவைத்தார். திருத்துநர் 28 பற்களுள்ள தொகுதியைப் பூட்டிச் சங்கிலியையும் புதிதாக இட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பையன் மரநிழலைக் கடந்து, கடைகள் தொடங்கும் இடம்வரை இறங்காமல் ஏறினான். வியர்வை வழிந்தது, நோ இல்லை என்றான். கழற்றிய பழைய தொகுதியைத் திருத்துநர் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார்.

“எறிஞ்சு போடாதையும் தம்பி, நிலாவெளி றோட்டுக்கு ஒரு நாளைக்கு உதவும்” என்றாராம்.